பக்தியும் பகிடியும்

சமய விடயங்களைக் குறித்துச் சிரிக்கலாமா என்று ஒரு கத்தோலிக்க வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். மூத்தவர்கள் சொல்வார்கள்: கோவில், பூசை, செபம், புனிதர் என்பவை பகிடிக்குரியவையல்ல, இன்றைக்கு அவற்றைத் தொட்டுச் சிரிப்பவன் நாளைக்கு அவற்றை விட்டுவிடுவான். இளையவர்கள் சொல்வார்கள்: எதைக் குறித்தும் சிரிக்கலாம், ஒரு சிரிப்பைத் தாங்க மாட்டாத விசுவாசம் என்ன விசுவாசம்?

வாசகரே, இரண்டு பதில்களிலும் உண்மை உண்டு. ஆனால் இரு சாராரும் ஒரே தவறான எண்ணத்திலிருந்தே தொடங்குகிறார்கள். சிரிப்பு எல்லாம் ஒரே வகையானது என்பதே அந்த எண்ணம். ஆகவே ஒருவர் எல்லாச் சிரிப்பையும் தடுக்கிறார். மற்றவர் எல்லாவற்றையும் அனுமதிக்கிறார். தன் குறையைக் கண்டு தானே சிரிக்கும் மனிதனும், ஓர் ஏழைக் கிழவி முழங்காலிலிருந்து செபிப்பதைக் கண்டு சிரிக்கும் மனிதனும் செய்வது ஒரே காரியமா? இல்லையென்றால், அவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது?

இது வீண் ஆராய்ச்சியன்று. இன்று நம் பிள்ளைகள் கையிலுள்ள தொலைபேசியிலே சமயத்தைப் பற்றிய கேலி ஒவ்வொரு நாளும் வந்து சேர்கிறது. அதே பிள்ளைகள் வீட்டில் சமயத்தை முகஞ்சுளித்த கட்டளையாக மட்டும் கண்டால், அவர்கள் எடுக்கும் முடிவு எதுவாயிருக்கும்? மகிழ்ச்சி ஒரு பக்கம், சமயம் மறுபக்கம் என்றே அவர்கள் முடிவு கட்டுவார்கள். ஆகவே இக்கேள்விக்கு ஒழுங்கான பதிலொன்றைத் தேடுவது பெற்றாரின் கடமைகளுள் ஒன்றாகும். அதற்கு உதவியாக, ஒரு குடும்பமே சேர்ந்து எடுத்த படமொன்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஒரு குடும்பத்தின் முயற்சி

2010ஆம் ஆண்டில் 'த வே' என்ற ஆங்கிலப் படம் வெளிவந்தது. 'வழி' என்பது அதன் பொருள். அதில் தலைமைப் பாத்திரத்தை ஏற்றவர் அமெரிக்க நடிகர் மாட்டின் ஷீன். கதை வசனம் எழுதி, நெறியாள்கை செய்து, தயாரிப்பிலும் பங்கெடுத்தவர் அவருடைய மூத்த மகன் எமிலியோ எஸ்தெவெஸ். மகள் றெனே அதில் ஒரு சிறு பாத்திரத்தில் வருகிறார். பேரன் ரெயிலர் தயாரிப்பு வேலைகளில் உதவினார். பெரிய ஹொலிவூட் நிறுவனங்கள் எவையும் அதைத் தயாரிக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே, சிறியதொரு குழுவினர், ஏறக்குறைய நாற்பது நாட்களில், யாத்திரை வழியிலேயே நடந்து நடந்து அதைப் படம் பிடித்தார்கள். செயற்கை வெளிச்சத்தை மிகக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். மெய்யான யாத்திரிகர்கள் பலரும் படத்திலே காணப்படுகிறார்கள்.

தந்தைக்கும் மகனுக்கும் பெயர் வேறாயிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தந்தையின் இயற்பெயர் றமோன் எஸ்தெவெஸ். 1940இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் பிரான்சிஸ்கோ, ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள கலீசியாப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்தவர். தாயார் அயர்லாந்து நாட்டவர். நடிப்புத் தொழிலுக்குப் போன இளைஞர், தமக்குப் பிடித்த ஓர் ஆயரின் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டார். அவர்தான் தொலைக்காட்சியில் மறைபோதனை செய்து புகழ்பெற்ற புல்டன் ஷீன் ஆண்டகை. அந்த ஆண்டகையே நல்ல பகிடிக்காரர். 1950களின் தொடக்கத்தில் தமது நிகழ்ச்சிக்குப் பரிசு கிடைத்தபோது, தமக்கு எழுதித் தந்த நால்வருக்கு நன்றி என்று சொல்லி, மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகியோரைக் குறிப்பிட்டாராம். மாட்டின் ஷீன் இடையில் பல ஆண்டுகள் திருச்சபையை விட்டு விலகியிருந்து, 1981இல் மீண்டும் வந்து சேர்ந்தவர். தம்மைக் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர்.

2003இல் அவர் தம் பேரனோடு, ஸ்பெயினின் வடபகுதியினூடாகச் சந்தியாகோ நகரம் வரை செல்லும் பழைய யாத்திரை வழியிலே காரில் பயணம் செய்தார். பூர்கொஸ் என்னும் நகரத்திலே பேரன் ஒரு பெண்ணைச் சந்தித்தார்; பின்னர் அவரையே மணந்துகொண்டார். தகப்பனாரின் நாடு, பேரனின் திருமணம், யாத்திரை என்ற மூன்றும் ஒன்றுசேரவே, இவ்வழியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டுமென்று தந்தை மகனைக் கேட்டுக்கொண்டார். மகன் அதை எடுத்து, கலீசியாவிலிருந்து வந்த தம் பாட்டனாருக்குக் காணிக்கையாக்கினார்.

சந்தியாகோ என்ற பெயர் நமக்கும் புதியதன்று. நம் முன்னோர் சந்தியோகுமையோர் என்று அழைத்த புனிதர்தாம் அவர். செபதேயுவின் மகனான பெரிய யாகப்பர். போர்த்துக்கேயர் காலத்திலே அந்தப் பெயர் நம் நாவுக்கு வந்தது. கிளாலியில் அவருக்குக் கோவில் உண்டு; அவர்மீது நம் புலவர் பாடிய பழைய அம்மானையும் உண்டு. அவருடைய கல்லறை இருப்பதாக ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் போற்றும் இடமே சந்தியாகோ தே கொம்பொஸ்தெலா. பிரான்சின் எல்லையிலுள்ள சென் ஜோன் பியே தெ போர் என்ற ஊரிலிருந்து அங்கே நடந்து போவதற்கு ஏறக்குறைய 780 கிலோமீற்றர் தூரம்.

துயரத்தில் தொடங்கும் பகிடி

கதை சுருக்கமானது. ரொம் என்பவர் கலிபோர்னியாவில் வசதியாக வாழும் கண் வைத்தியர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் டானியேல் படிப்பை இடையில் விட்டு, உலகத்தைப் பார்க்கப் போகிறேன் என்று புறப்பட்டதில் தந்தைக்குக் கோபம். ஒரு நாள் பிரான்சிலிருந்து செய்தி வருகிறது: யாத்திரையின் முதல் நாளிலேயே, பிரனீஸ் மலையிலே புயலில் அகப்பட்டு மகன் இறந்துவிட்டான். உடலைக் கொண்டுபோக வந்த தந்தை மனம் மாறுகிறார். உடலைத் தகனம் செய்வித்து, சாம்பலை மகனுடைய முதுகுப் பையில் வைத்து, மகன் நடக்க விரும்பிய தூரத்தைத் தாமே நடக்கப் புறப்படுகிறார்.

இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இதை முழு நகைச்சுவைப் படம் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் வழியிலே அவரோடு சேர்ந்துகொள்ளும் மூவரால் படம் முழுவதும் சிரிப்பு ஊறுகிறது. யோஸ்ட் என்ற ஒல்லாந்துக்காரர் நல்ல பருமனானவர். சகோதரனுடைய கல்யாணத்துக்குப் பழைய கோட் சூட் உடலுக்குக் கொள்ள வேண்டும், அதற்காக உடம்பைக் குறைக்கவே நடக்கிறேன் என்கிறார். ஆனால் வழிநெடுகச் சாப்பிட்டுக்கொண்டே போகிறார். சாரா என்ற கனடா நாட்டுப் பெண், சிகரெட் குடிப்பதை விடுவதற்காக நடக்கிறேன் என்கிறாள். சந்தியாகோ சேர்ந்ததும் கடைசிச் சிகரெட்டை எறிந்துவிடுவாளாம். ஜக் என்ற அயர்லாந்துக்காரர் ஓர் எழுத்தாளர். எழுத்து வராமல் தவிப்பவர். கண்டவரிடமெல்லாம் கதை கேட்டுப் பெரிய வார்த்தைகளில் பேசிக்கொண்டிருப்பவர்.

இவர்கள் நடுவே ரொம் கடுகடுத்த முகத்தோடு நடக்கிறார். ஒருவரோடும் பேச விரும்பாத அவரை ஒருவரும் விடுவதில்லை. பாலத்தின் கட்டிலே இறக்கி வைத்த பை ஆற்றுக்குள் விழுந்துவிட, வயதான அந்த வைத்தியர் தானும் தண்ணீரில் பாய்கிறார். மதுவெறியில் தம்மோடு வந்த மூவரையும் பொதுவிடத்தில் திட்டித் தீர்த்துப் பொலிஸாரிடம் அகப்படுகிறார். மூவரும் அதன் பின்னும் அவரை விட்டுப் போகவில்லை.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. இந்தப் படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? புனித யாகப்பரைப் பார்த்தன்று, பூசையைப் பார்த்தன்று, வழியிலே செபமாலை கொடுக்கும் நோயாளியான முதிய குருவானவரைப் பார்த்தும் அன்று. யாத்திரிகரைப் பார்த்தே சிரிக்கிறது. வாயினால் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, நெஞ்சிலே வேறொரு காரணத்தைச் சுமந்து நடக்கும் மனிதரைப் பார்த்தே சிரிக்கிறது. யோஸ்ட் வெட்கப்படுவது உடம்புக்காக மட்டுமன்று. அவருடைய மனைவியின் அன்பும் விலகிப் போயிருக்கிறது. சாரா மறக்க முயல்வது சிகரெட்டையன்று. தன்னை அடித்துத் துன்புறுத்திய கணவனையும், பிறக்க விடாமற் செய்துவிட்ட தன் குழந்தையையுமே. முடிவில் யோஸ்ட் உடம்பு குறையாமலே சந்தியாகோ சேர்கிறார். ஆனால் பேராலயத்துக்குள் முழங்காலில் போகிறார். சாரா கடற்கரையிலே இன்னுமொரு சிகரெட்டைப் பற்ற வைக்கிறாள். சொன்ன நோக்கம் ஒருவருக்கும் நிறைவேறவில்லை. சொல்லாத நோக்கத்தை அவர்கள் ஓரளவுக்கு அடைந்திருக்கிறார்கள்.

மடுவுக்கு நடந்து போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நேர்த்திக்கு என்று சொல்லிப் புறப்படுகிறோம். வழியில் கால் நோவுக்கும் சாப்பாட்டுக்கும் சண்டை பிடிக்கிறோம். திரும்பி வந்து, நாம் கேட்கப் போனது ஒன்று, பெற்று வந்தது வேறொன்று என்று கண்டுகொள்கிறோம். சொல்வதற்கும் இருப்பதற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியே நகைச்சுவையின் பிறப்பிடம். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் மனச்சாட்சியைச் சோதிக்கும்போது நாம் பார்க்க வேண்டியதும் இதே இடைவெளியைத்தான். தன்னைக் கண்டு தான் சிரிக்க அறிந்தவனுக்குத் தன் பாவத்தை ஒப்புக்கொள்வதும் சற்று இலகுவாயிருக்கும்.

திருச்சபையின் எண்ணம்

சிரிப்பைத் திருச்சபை பகைத்ததாக எண்ணுவோர் புனித தோமஸ் அக்குவினாஸைப் படித்தவர்களல்லர். 1274இல் இறந்த அந்தப் பேரறிஞர், இறையியலின் மிகக் கடினமான பிரச்சினைகளுக்கிடையே, விளையாட்டையும் பகிடியையும் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். உடல் களைத்தால் ஓய்வு தேவைப்படுவது போல, மனம் களைத்தால் விளையாட்டு தேவைப்படுகிறது என்பது அவருடைய வாதம். அதற்குப் பழையதொரு கதையை எடுத்துக் காட்டுகிறார். நற்செய்தியாளரான புனித யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறலடைந்தார்களாம். அவர்களுள் ஒருவன் கையில் வில் இருந்தது. அவனை அம்பெய்யச் சொன்ன யோவான், இடைவிடாமல் எய்துகொண்டேயிருக்க முடியுமா என்று கேட்டார். அப்படிச் செய்தால் வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அப்படித்தான் என்றார் யோவான்.

அதோடு அக்குவினாஸ் மூன்று எல்லைகளை வைக்கிறார். பகிடியிலே அசிங்கமும் பிறருக்குத் தீங்கும் இருக்கலாகாது. மனம் தன் நிதானத்தை முற்றாக இழக்கலாகாது. ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் அது பொருந்தவேண்டும். அதேவேளை, தானும் சிரிக்காமல், பிறர் சிரிப்பதையும் தடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் பாரமாயிருப்பவன் குற்றவாளியே என்றும் சொல்கிறார். அளவு மீறிய சிரிப்பு அதிலும் பெரிய குற்றம் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்கிறார்.

நம் காலத்தில், 2024 ஆனி 14ஆம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் பல நாடுகளிலிருந்தும் நூற்றுக்கு மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்துப் பேசினார். கடவுளைக் குறித்தும் சிரிக்கலாமா என்று தாமே கேட்டு, ஆம் என்றார். நாம் அன்பு செய்பவர்களோடு விளையாடிப் பேசுவதைப் போன்றது அது. தேவதூஷணமன்று என்று விளக்கினார். ஆனால் விசுவாசிகளின் சமய உணர்வை, விசேடமாக ஏழைகளின் உணர்வை, நோகச் செய்யாமல் அது நடக்க வேண்டும் என்றும் சொன்னார். 2025 சித்திரையில் காலமான அந்தப் பாப்பரசர், புனித தோமஸ் மோரின் பெயரில் வழங்கும், நகைச்சுவை உணர்வைக் கேட்கும் செபமொன்றை நாள்தோறும் சொல்லி வந்தவர்.

செலவு யாருடையது?

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நாம் தேடிய கோடு ஓரளவுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு பகிடிக்கும் ஒரு செலவு உண்டு. யாரோ ஒருவர் அதிலே சிறிதாகிறார். யாரோ ஒருவருடைய மானத்திலிருந்து அந்தச் செலவு கழிகிறது. ஆகவே, எதைப் பற்றிச் சிரிக்கிறோம் என்பதைவிட, அந்தச் சிரிப்பின் செலவை யார் கொடுக்கிறார் என்பதே முக்கியமான கேள்வி. சிரிக்க வைப்பவன் தன் பையிலிருந்து கொடுத்தால் அது தாழ்ச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். பதில் சொல்ல மாட்டாதவனின் பையிலிருந்து எடுத்தால் அது கொடுமைக்குப் பக்கத்தில் நிற்கும். நம் நாட்டுத் தமிழில் பகிடி என்ற சொல்லோடு வதை என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருப்பது தற்செயலன்று. பகிடிவதை என்றால் என்னவென்று பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பிய தாய்மார் நன்றாக அறிவார்கள்.

இப்படத்தில் செலவு கொடுத்தவர்கள் அதை எடுத்தவர்களே. மகன் எழுதினார், தந்தை நடித்தார். பிடிவாதமும் கோபமும் கொண்ட தகப்பன் எப்படிச் சிரிப்புக்கிடமாகிறான் என்று காட்ட, சொந்தத் தகப்பனாரையே மகன் நிறுத்தினார். மகனுடைய கட்டளைப்படி ஆற்றிலே பாயவும், குடித்துத் தடுமாறவும் தந்தை சம்மதித்தார். இறந்துபோகும் டானியேலாகத் திரையில் வருபவரும் அதே மகன்தான். தாய் தந்தையரைக் கனம் பண்ணு என்ற கட்டளை இங்கே மீறப்பட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. தந்தையின் விருப்பத்தின்படி, தந்தையின் சம்மதத்தோடு, பாட்டனாருக்குக் காணிக்கையாக நடந்த காரியம் அது. அன்பு உறுதியாயிருக்கும் வீட்டிலேதான் அப்படிச் சிரிக்க முடியும்.

இன்னோர் இடத்தையும் கவனியுங்கள். பூர்கொஸ் நகரிலே ஒரு றோமா இனச் சிறுவன் சாம்பல் இருந்த பையைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். ஜிப்சிகள் என்று ஐரோப்பாவில் ஏளனம் செய்யப்படும் இனம் அது. அவர்களைத் திருடராகக் காட்டும் பழக்கத்தை இந்தப் படமும் விட்டுவிடவில்லையே என்று ஒருவர் குறை கூறினால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அடுத்து நடப்பதைப் பாருங்கள். சிறுவனின் தகப்பன் அவனைக் கையோடு கூட்டிவந்து மன்னிப்புக் கேட்க வைக்கிறார். நகரத்தின் எல்லை வரையும் அந்தப் பையை மகனே சுமந்து வர வேண்டும் என்று கட்டளையிடுகிறார். மலிவான ஒரு சிரிப்பை இலகுவாக எடுத்திருக்கக்கூடிய இடத்திலே, படம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு தகப்பனின் மானத்தைக் காட்டுகிறது. மகனை இழந்த தகப்பனுக்கு, மகனைத் திருத்தும் தகப்பன் பாடம் சொல்கிறார்.

ஜக்கின் விடயத்திலும் அப்படியே. தன் நாட்டிலே திருச்சபை பதில் சொல்ல வேண்டியவை பல உண்டு, ஆகையால் கோவிலுக்குள் போவதில்லை என்று அவர் சொல்லும்போது ஒருவரும் சிரிப்பதில்லை. இந்தப் படம் பிடிக்கப்பட்ட 2009ஆம் ஆண்டிலேதான், அயர்லாந்தில் திருச்சபையைச் சேர்ந்தவர்களால் சிறுவர்கள் அனுபவித்த கொடுமைகளைப் பற்றிய இரண்டு பெரிய அறிக்கைகள் வெளிவந்தன. காயம் பட்டவன் வாய் திறக்கும்போது அதைப் பகிடியாக்கி மூடிவிடுவது பாவம். செலவை அவன் ஏற்கெனவே கொடுத்துவிட்டான். மறுபடியும் அவனிடம் கேட்கலாகாது.

இதற்கு மாறாக, 1979இல் வெளிவந்த 'லைவ் ஒவ் பிரையன்' என்ற ஆங்கில நகைச்சுவைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தில் 1987 வரை அது தடை செய்யப்பட்டிருந்தது. அதிலே ஆண்டவர் மலைமேல் போதிக்கும் காட்சி மரியாதையாகவே காட்டப்பட்டிருக்கிறது. அறியாமல் கூட்டத்தோடு ஓடும் மனிதரைப் பற்றியே பெரும்பாலும் பகிடி. அந்த அளவில் அது நமக்கும் பாடமே. ஆனால் முடிவிலே சிலுவையில் தொங்குபவர்களைப் பாட்டுப் பாட வைக்கிறார்கள். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தி செய்து அழுபவர்களே அந்தச் சிரிப்பின் செலவைக் கொடுத்தவர்கள். எடுத்தவர்களின் பையிலிருந்து ஒன்றும் போகவில்லை. இரு படங்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பெற்றாருக்கு ஒரு சொல்

'த வே' படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. யோஸ்ட் போதைப் பொருள் வைத்திருக்கிறார், மற்றவர்களுக்கும் நீட்டுகிறார். சாராவின் கதை சிறுவர்களுக்குரியதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, மகனின் சாம்பலை வழிநெடுகத் தூவி, மீதியைக் கடலிலே விடுகிறார் தந்தை. தகனத்தைத் திருச்சபை 1963 முதல் அனுமதித்திருக்கிறது. ஆனால் சாம்பலைக் காற்றிலும் நீரிலும் தூவுவதை அனுமதிப்பதில்லை. 2016இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல் இதை மறுபடியும் தெளிவாகச் சொன்னது. உயிர்த்தெழுதலுக்குரிய உடல், பெயரோடும் செபத்தோடும் புனித இடத்தில் வைக்கப்பட வேண்டும் என்பதே காரணம். ரொம்முடைய செயலிலே பாசம் இருக்கிறது. ஆனாலும் அது நம் வழக்கமன்று. படத்தைப் பிள்ளைகளோடிருந்து பாருங்கள். முடிந்தபின் இதைப் பற்றிப் பேசுங்கள். தீயவை வீட்டுக்குள் நுழையாதபடி காக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பெற்றாருக்கு நினைவூட்டியது. கூட இருந்து பார்த்து, பேசி விளங்க வைப்பது அந்தக் காவலின் ஒரு பகுதியே.

நம் வீடுகளிலே நடக்கும் பகிடியையும் இதே விதமாகச் சோதித்துப் பார்ப்போம். கோவிலில் வாசகம் வாசித்த பிள்ளை ஒரு சொல்லிலே தடுமாறியதைச் சாப்பாட்டு நேரத்தில் அபிநயித்துக் காட்டிச் சிரிக்கிறோம். அந்தப் பிள்ளை அடுத்த முறை வாசிக்க வருமா? உரத்த குரலில் செபிக்கும் வேலைக்காரப் பெண்ணையும், அயல் வீட்டாரின் வழிபாட்டையும் பகிடி பண்ணுகிறோம். நம் பிள்ளை அதிலிருந்து எதைப் படிக்கும்? சமயம் பெரிதென்று நாம் எத்தனை முறை சொன்னாலும், சமயம் உள்ளவர்கள் ஏளனத்துக்குரியவர்கள் என்பதையே அது படித்துக்கொள்ளும். இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். செபமாலைக்கு எல்லோரையும் அதட்டிக் கூப்பிட்டுவிட்டு, மூன்றாம் காரணிக்கத்தில் தானே தூங்கி விழுந்த தகப்பன், மறுநாள் அதைத் தானே சொல்லிச் சிரித்தால் என்ன குறைந்துபோகும்? அப்பாவுக்கும் தூக்கம் வரும், ஆனாலும் அப்பா செபிக்கிறார் என்று பிள்ளை அறிந்துகொள்ளும். தூக்கம் வந்ததற்காகச் செபத்தை விட்டுவிடத் தேவையில்லை என்பதையும் அதோடு கற்றுக்கொள்ளும்.

ஆகவே பெற்றாரே, ஒரு பகிடி வாயில் வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதிலே சிறிதாகிறவர் யார், நானா, பிறரா? அவர் இங்கே இருந்தால் எங்களோடு சேர்ந்து சிரிப்பாரா? சிரித்து முடிந்தபின், நாம் சிரித்த அந்த நல்ல காரியத்தைச் செய்ய எங்களுக்கு மனம் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? மூன்றுக்கும் நேர்மையான பதில் கிடைத்தால் தயங்காமல் சிரியுங்கள்.

படத்தின் கடைசிப் பகுதியிலே, சந்தியாகோவின் யாத்திரிகர் அலுவலகத்தில், நடந்து முடித்தவருக்குக் கொடுக்கும் பத்திரத்தை ரொம் பெறுகிறார். அதில் தம் பெயருக்குப் பதிலாக மகனுடைய பெயரை எழுதும்படி கேட்டுக்கொள்கிறார். மகன் வாழ விரும்பிய விதத்தை ஒரு காலத்தில் ஏளனமாகப் பார்த்த தகப்பன், மகனுடைய பையைச் சுமந்து, மகனுடைய வழியில் நடந்து, மகனுடைய பெயரில் அதை முடிக்கிறார். நம் பிள்ளைகள் உயிரோடு நம் முன்னால் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து சிரிக்கவும், சேர்ந்து செபிக்கவும் நமக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றிரவே தொடங்குவோம்.